குழம்பு டிரஸ்ஸர் வைத்த பரீட்சை

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலோடு போய், குழம்பைப் பற்றிப் பதில் சொல்லாமல் மாத்திரை வாங்கி வந்த மனிதர் ஒருவர்கூடக் கிடையாது. காரணம், எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். ஊசி, மருந்து, கட்டு எல்லாம் அவர்தான். நெற்றியைத் தொடுவதற்கு முன்பே கேட்டுவிடுவார்: "நேத்து என்ன கொழம்பு?"

"மூளை சரியா இருந்தாத்தான்யா வலி எங்கன்னு சரியாச் சொல்லுவான்" என்பது அவர் வாதம். எழுபதுகளில் நான் அங்கே சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. அவருடைய சொந்தப் பெயர் என் பேரேட்டில் இருந்தது. இருந்தும் நானும் குழம்பு டிரஸ்ஸர் என்றுதான் சொல்வேன்.

ஒருமுறை பக்கத்து ஊரான கோலா தெர்லாவின் லாரி டிரைவர் ஒருவர் விரலை வெட்டிக்கொண்டு மனைவியோடு வந்தார். கேள்விக்கு, "மீன் கொழம்பு" என்று சட்டென்று சொன்னார். "நம்ம வீட்டுல நேத்து ரசந்தானே?" என்றார் மனைவி. விரலுக்கு இரண்டு தையலோடு சரியாகிவிட்டது. மற்றதற்கு டிரஸ்ஸரிடம் மருந்து இல்லை.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு போட்டி வந்தது. தாய்மார்கள் கொழுந்து கிள்ளப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயா கொட்டகையைக் கன்னியம்மா ஆயாதான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் தோட்ட மேனேஜர் துரை அவரிடம் வயது கேட்டார்.

"பெரிய மழையில மண்ணு சரிஞ்ச வருஷம் வயசுக்கு வந்தேன் தொரை. நீங்களே போட்டுக்குங்களேன்."

துரைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறதோ, சோதித்துச் சொல்லுங்கள் என்று டவுனிலிருந்து புது டாக்டரை வரவழைத்தார். தேறாவிட்டால் ஆயாவுக்கு வேலை போகும், கூடவே தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். கால் முடியாத கணவரைக் கூட்டிக்கொண்டு அவர் எங்கே போவார்?

அன்று ஆஸ்பத்திரியில் நானும் இருந்தேன். டாக்டர் நல்ல பையன்தான். தமிழ் தெரியாது. ஃபாரத்தைப் பார்த்து இங்கிலீஷில் கேட்க, டிரஸ்ஸர் அதைத் தமிழில் சொல்லி, பதிலை இங்கிலீஷில் திருப்பினார்.

இன்று என்ன தேதி? "அது கிராணிக்குத்தான் தெரியும்."

நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். "எதுக்கு?"

கடிகாரம் வரையுங்கள். ஆயா பென்சிலின் கூரைத் தடவிப் பார்த்து, அதை மேசை நடுவில் தள்ளி வைத்தார். "புள்ளைங்க கைக்கு எட்டுற மாதிரி வெக்காதீங்க. கண்ணுல குத்திக்கும்."

கணவர் பெயர்? ஆயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, வெட்கத்தோடு சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைக் காட்டினார்.

டாக்டர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். 'கடவுளைத் தன் கணவர் என்று நம்புகிறார்.'

டிரஸ்ஸர் துள்ளி எழுந்துவிட்டார். "டாக்டர்! எங்க பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க. அவரு பேரு வேலாயுதம். அதான் முருகனைக் காட்டுது! நீங்க வெச்சது பள்ளிக்கூடத்துப் பரீட்சை. இவங்க அந்தப் பக்கமே போனதில்ல. இவங்க படிச்ச பாடத்துல நான் ஒண்ணு வெக்கிறேன். தோத்தா, புத்தி சரியில்லன்னு நானே கையெழுத்துப் போடுறேன்."

எல்லோரும் கொட்டகைக்கு நடந்தோம். யாருக்கு எந்த மலையில் வேலை என்று எழுதும் செக்ரோல் புத்தகத்தோடு நானும் போனேன். வரிசையாகத் துணித் தொட்டில்கள். ஆயாவைச் சுவர் பார்த்து நிற்க வைத்தார் டிரஸ்ஸர். ஒரு பிள்ளை அழுதது.

"அது அஞ்சாம் லயத்து செல்வி மகன். பசி இல்ல, ஈரம்" என்றார் ஆயா, திரும்பாமலே. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்தார். இன்னொன்று அழுதது. "அது சும்மா, கூடச் சேந்து அழுவுது. இப்ப நின்னுரும்." நின்றது.

அடுத்து, எந்தப் பிள்ளையின் தாய் இன்று எந்த மலையில் கொழுந்து எடுக்கிறாள் என்று டிரஸ்ஸர் கேட்டார். ஆயா கடகடவென்று சொல்ல, நான் புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. பாப்பாத்தி என்ற தாயின் கணக்கு மட்டும் இடித்தது. ஆயா சொன்னது ஒன்பதாம் நம்பர் மலை. புத்தகத்தில் நாலு.

டாக்டரின் பேனா எழும்பியது. எனக்கு வாயைத் திறந்திருக்கவே வேண்டாம் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பால் கொடுக்க மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் பாப்பாத்தி. "லேட்டாயிருச்சு ஆயா. கங்காணி காலையிலயே ஒம்பதுக்கு மாத்திட்டாருலா, ரொம்ப தூரம்."

டிரஸ்ஸர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கிராணி, வாய்யா, வந்து உக்காரு. அடுத்த பரீட்சை ஒனக்குத்தான்."

அதை டாக்டருக்கு இங்கிலீஷிலும் சொன்னார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஃபாரத்தில் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் ஆயா டிரஸ்ஸரை ரகசியமாகக் கூப்பிட்டார். "பாவம் அந்தத் தம்பி. தேதி தெரியல, கணக்கு தெரியல, எல்லாத்தையும் நம்மகிட்டயே கேக்குது. ஏதாச்சும் மருந்து குடுத்து அனுப்பக் கூடாதா?"

டிரஸ்ஸர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போய் நின்றார். இப்போது எனக்கே வயதாகிவிட்டது. நாளைக்கு யாராவது ஒரு ஃபாரத்தோடு வந்து என் எதிரே உட்கார்ந்தால், பக்கத்தில் அந்த மனுஷர் நின்றால் போதும்.