ராசியான சேனல்

விஞ்ஞானத்துக்கு எண்கணிதம் கற்றுக்கொடுத்த பெருமை உலகிலேயே ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. அவர் வேங்கிக்காலில் இயங்கிய வயர்லெஸ் இன்டர்நெட் கம்பெனியின் மேனேஜர் பலராமன். மிகுந்த 'தொலைநோக்கு' உள்ளவர்; கிட்டத்தில் நடப்பதுதான் தெரியாது.

கம்பெனிக்கு வேங்கிக்காலில் ஒரு டவர், கீழ்பென்னாத்தூரில் ஒரு டவர். எதற்கு எந்த அலைவரிசை சேனல் என்று முடிவுசெய்ய 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. மொட்டைமாடியில் நடந்ததால் அந்தப் பெயரில் குற்றம் சொல்ல முடியாது.

"ரெண்டுக்கும் வேற வேற சேனல் குடுக்கணும் சார்," என்றாள் இன்ஜினியர் சிந்துஜா. "ஒரே சேனல்னா இது பேசுறது அதுக்குள்ள பூந்துடும். ரெண்டு பக்கமும் ஒண்ணும் வேலை செய்யாது."

"நமக்கு ராசி ஆறும்மா. ரெண்டுக்கும் ஆறையே போடுங்க."

"அப்ப சிக்னல் பவரையாவது கம்மி பண்ணலாங்களா?"

"தொழில் ஆரம்பிக்கறப்ப கம்மின்ற வார்த்தையே வரக்கூடாது. ஃபுல்லா வைங்க!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அந்த ஒரு மனம் பலராமனுடையது.

அன்று முதல் இரண்டு டவர்களும் ஒன்றையொன்று பார்த்து ஓயாமல் கத்தின. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு அருகே இன்டர்நெட் சென்டர் வைத்திருந்த தனத்தின் கம்ப்யூட்டர்களில் மணல் கடிகாரம் மட்டும் தங்குதடையின்றி ஓடியது. மாதச் சந்தா மட்டும் தவறாமல் வசூலானது. "மேடம், வர்றவங்க அதையே பாத்துட்டு எழுந்து போறாங்க," என்று தனம் போன் செய்யும்போதெல்லாம் சிந்துஜாவுக்குக் கூச்சமாக இருந்தது. மேனேஜரிடம் சொன்னால், "மக்களுக்குப் பொறுமை வளருது," என்று பெருமிதம் கொண்டார்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலையில் சிந்துஜா முதல் பஸ்ஸிலேயே கீழ்பென்னாத்தூர் போய்விட்டாள். சென்டர் வாசலில் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். உள்ளே, கவிநிலா என்ற பெண் பதிவு எண்ணை உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் வரலைன்னா கடைய மூடிடுவேங்க," என்றாள் தனம். "இந்தப் புள்ளைங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

மேனேஜரைப் போனில் பிடிக்கப் பார்த்தாள் சிந்துஜா. சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தார்.

டவர் அறைக்குப் போய் லேப்டாப்பைச் செருகினாள். வேலை போனாலும் போகட்டும் என்று சேனலை மாற்றினாள், பவரையும் குறைத்தாள். திரும்பி வருவதற்குள் தெருமுனைவரை கூச்சல் கேட்டது. கவிநிலா பாஸ். தனம் ஓடிவந்து சிந்துஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பலராமன் சிந்துஜாவைக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது.

"நேத்து கீழ்பென்னாத்தூர்ல இன்டர்நெட் வந்துச்சாமே?"

"வந்துச்சு சார்."

"ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலையாமே?"

"வரலை சார்."

"அப்ப எல்லாம் உண்மைதானா!" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டவர், மெமோவை நீட்டினார். 'நிர்வாகத்தின் முன்அனுமதியின்றிச் சேவை வழங்கிய குற்றத்துக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?'

சிந்துஜா நின்றபடியே அதன் கீழே பதில் எழுதிக் கொடுத்தாள்:

'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை மாதம் சேவையே வழங்காமல் சந்தா வாங்கியதற்கு அனுமதி கொடுத்தவர் யார் என்று தெரிவித்தால், இனி அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.'