மஞ்சள் பூசிய பால்கட்டி

பால்கட்டிக்கு வியர்த்துக் கொட்டியது.

ஆதிகேசவன் தோளில் கிடந்த துண்டால் அதை ஒற்றியெடுத்தான். ஒற்றிய இடத்திலேயே மறுபடி முத்து முத்தாகக் கசிந்தது. பழவேற்காட்டுச் சித்திரை வெயிலில் கோட்டைக் காவல்காரனே மயங்கி விழுகிறான். திரிந்த பாலைப் பிழிந்து உருட்டி வைத்த கட்டி எம்மாத்திரம்? வாசனையும் ஒரு மாதிரியாக வரத் தொடங்கியிருந்தது.

"கெட்டுப்போச்சுக்கா," என்றான் பிலோமினாவிடம். பிலோமினா கோட்டையில் ஒல்லாந்துக்காரர்களுக்குச் சமைப்பவள். அவர்களுடைய பேச்சும் அவளுக்கு அத்துபடி.

"கெட்டுதோ கெடலையோ, கப்பல் வர்றதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? கப்பல் வருகிற அன்றைக்குக் கோட்டையில் விருந்து. விருந்து மேஜையில் மயிலையின் பாலில் செய்த கட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மயிலையே இருக்கும். பெரிய துரையின் உத்தரவு அவ்வளவுதான்.

மயிலை, ஆதிகேசவன் கன்றிலிருந்து வளர்த்த பசு. மழை பொய்த்த வருஷம், தீனி போட வழியில்லாமல் கோட்டைக்கு விற்றான். பாலுக்குத்தான் வாங்குகிறார்கள் என்று நம்பிக் கயிற்றைக் கொடுத்தான். அறுப்பதற்கு என்று தெரிந்ததும் கோட்டை வாசலில் விழுந்து புரண்டு அழுதான். உள்ளே என்ன நடந்ததோ, அன்றைக்கு அறுப்பு நின்றுபோயிற்று. சரக்குக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் கொர்னேலி துரை பால்கட்டி செய்யப்போகிறார், மாட்டுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று அவனையே வேலைக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்த தகப்பன் மாதிரி அவனும் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சேர்ந்தான்.

மேய்ச்சலில் ஒரு குறையும் வைக்கவில்லை. புண்ணாக்கு கிடையாது, தவிடு கிடையாது. ஏரித் தண்ணீர் வடிந்த கரையில் முளைக்கிற உப்புப் புல் மட்டும்தான். இன்று மேய்ந்த இடத்தில் நாளைக்கு முளைக்குச்சி அடிக்கமாட்டான். புல் மறுபடி தழைத்து வரட்டும் என்று தள்ளித் தள்ளிக் கட்டுவான். மயிலையின் உடம்பு மினுமினுத்தது. அதுவே அவனுக்குக் கவலையாகவும் இருந்தது. கொழுத்த மாட்டைப் பார்த்தால் யாருக்குத்தான் கத்தி ஞாபகம் வராது?

கொர்னேலி துரை வந்தாலே அவன் மாட்டுக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்வான். தினமும் சாயங்காலம் வருவார். மயிலையின் கழுத்தைத் தடவுவார், விலாவை அமுக்கிப் பார்ப்பார், காதோரம் ஏதோ முணுமுணுப்பார்.

"எவ்ளோ கறி தேறும்னு கணக்குப் போடறாருக்கா," என்பான் ஆதிகேசவன்.

பிலோமினா குனிந்தபடி மீனை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

பால்கட்டி செய்யும் முறையைத் துரை ஒரே ஒருமுறை சொல்லியிருந்தார். அதையும் கையை ஆட்டி ஆட்டி, பாதியில் விட்டு விட்டு. பிலோமினா அதைத் தமிழாக்கினாள். "பாலைத் திரிய வெக்கணும். பிழியணும். உப்பு போடணும். அப்பால வெச்சிருக்கணும். அவ்ளோதான்."

ஆதிகேசவனின் பெண்டாட்டி திரௌபதி இதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பால் திரிஞ்சா வெளிய சொல்லவே கூச்சப்படுவோம். நீ இன்னாய்யா, புளிச்ச மோரை ஊத்தி நீயே திரிய வெக்கிறே?"

"மயிலைக்காவத்தாம்மே."

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தினம் புளித்த மோரை அவளே கலயத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள்.

இப்போது கட்டி வியர்க்கிறது. ஆதிகேசவன் அதைக் கூடையில் வைத்து மூடி, தோணிரேவுக்கு நடந்தான். அங்கே காசியம்மாள் மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சுறாவே உப்பு போட்டு வெயில்ல காஞ்சா மாசக்கணக்குல தாங்குது," என்றாள் அவள். "இது இன்னா, வெறும் பாலு. எம் பக்கத்துல வெச்சிட்டுப் போ."

காசியம்மாள் சொன்னதில் பாதி சரி. கட்டியிலிருந்து நெய்யெல்லாம் உருகி மணலில் இறங்கியது. மிஞ்சியது சுருங்கிக் கெட்டிப்பட்டது, வியர்வையும் நின்றது. ஆனால் கூடையைத் திறந்தால் கருவாட்டு நாற்றம் குப்பென்று அடித்தது. கோட்டைப் பூனைகள் அவனுக்குப் பின்னாலேயே ஊர்வலம் வந்தன.

மறுநாள் கொர்னேலி துரை கட்டியைக் கையில் எடுத்தார். முகர்ந்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நெடுநேரம் யோசித்து, "ம்," என்றார்.

"நல்லாக்கீதாம்," என்றாள் பிலோமினா.

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலியேக்கா."

நாற்றத்தைப் போக்க அதைக் கழுவினான். கழுவியதும் மேலெல்லாம் கொழகொழவென்று பாசி பிடித்த மாதிரி ஆனது. திரௌபதி பார்த்துவிட்டு, "மாட்டுப் புண்ணுக்குப் போடறதைப் போடு, ஆறிடும்," என்று மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினாள். கட்டி கல்யாணப் பெண் மாதிரி தகதகவென்று ஆனது.

துரை அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மறுபடியும், "ம்."

மஞ்சளுக்கு ஈ வரவில்லை, எறும்பு வந்தது. ஏரிக்கரையில் உள்ள எறும்பெல்லாம் வந்தது. ஆதிகேசவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தோணி கட்டுகிறவரிடம் ஓடி, பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சி வாங்கி வந்து, கட்டி முழுக்கத் தடவினான். எறும்பு நின்றது. கட்டி கறுத்து, பீரங்கிக் குண்டாகிவிட்டது. துரை விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். டொக் என்றது. இந்தத் தடவை அவர் "ம்" கூடச் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய சிலுவையைத் தொட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே கப்பல் வந்தது.

ஆதிகேசவன் தொழுவத்தில் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "என்னை மன்னிச்சிரு தாயி. உன்னை வித்ததும் நான்தான், கெடுத்ததும் நான்தான்." மயிலை அவன் துண்டை நக்கிக்கொண்டிருந்தது. பிலோமினா வந்து, சாப்பாட்டு மண்டபத்தில் விசிறி இழுக்க ஆள் குறைகிறது என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

விசிறிக் கயிற்றைப் பிடித்தபடி அவன் பார்த்தான். பெரிய துரை கத்தியை வைத்தார், வழுக்கியது. கப்பல் தலைவர் தன் கத்தியை வைத்தார், அது வளைந்தது. கடைசியில் தச்சனைக் கூப்பிட்டு உளியும் சுத்தியும் வைத்துப் பிளந்தார்கள். உள்ளே மஞ்சள் ஏறிப் பழுத்த நிறத்தில், இறுகிக் கிடந்தது பால்கட்டி. ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டார்கள். மென்றார்கள், மென்றார்கள், மென்றுகொண்டே இருந்தார்கள்.

ஆதிகேசவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கப்பல் தலைவர் மேஜையில் ஓங்கி ஒரு குத்துவிட்டு ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினா கிசுகிசுத்தாள். "அவுங்க ஊரு கட்டியெல்லாம் கப்பல்ல புழு வெச்சுப்போவுதாம். இது ஊழி வரைக்கும் கெடாதாம். உப்புக்காத்து வாசம் வருதுன்னு சொக்கிப் போறாரு. இனிமே ஒவ்வொரு கப்பலுக்கும் வேணுமாம். மாட்டு மேல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு பெரிய தொரை சொல்லிட்டாரு."

விசிறி நின்றதற்கு யாரும் அவனைத் திட்டவில்லை.

பெரிய துரை கொர்னேலி துரையிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எப்படிச் செய்தாய், மேலே பூசியது என்ன, மஞ்சள் நிறம் எப்படி வந்தது? கொர்னேலி துரைக்கு வார்த்தை குழறியது. மாடு என்ன தின்கிறது என்று கேட்டபோது மட்டும், "புல்," என்று சட்டென்று பதில் வந்தது.

விருந்து கலைந்ததும் ஆதிகேசவன் அடுக்களைக்குப் போனான். சந்தோஷத்தில் நெஞ்சு நிரம்பித் தளும்பியது. அதற்கு நடுவே ஒரு முள்ளும் உறுத்தியது.

"அக்கா, தொரைகிட்ட உண்மைய சொல்லிடறேன். அவரு அவுங்க ஊரு வழக்கத்தைத்தான் சொல்லிக் குடுத்தாரு. நான்தான் கருவாடு, மஞ்சா, குங்கிலியம்னு கண்டதையும் பூசி வெச்சேன். இனிமே ஒவ்வொரு கப்பலுக்கும் பண்ணணும்னா, அவரே ஒரு தபா முறையா பண்ணிக் காட்டட்டும். நான் கால்ல விழுந்து கத்துக்கறேன்."

பிலோமினா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு இன்னாடா தெரியும்? அவரோட நைனா அவுங்க ஊருல செருப்பு தெக்கிறவரு; அன்னிக்கி நீ வாசல்ல உழுந்து பொரண்டதையும் மாடு உன்னைப் பாத்துக் கத்துனதையும் தாங்க முடியாம, 'அறுக்காதீங்க, எனக்கு பால்கட்டி பண்ணத் தெரியும்'னு அந்த மனுசன் வாய்க்கு வந்த பொய்யச் சொல்லிட்டாரு."