அமைச்சருக்கு ஒரு சட்டை

அமைச்சரை நேரில் பார்த்துக் கேட்டே விடுவது என்று முடிவெடுத்தேன். அவர் எனக்குச் சொந்தம். என் பெரியம்மாவின் நாத்தனாருடைய கொழுந்தன் மகன். போன மழையில் என் தையல் கடைக் கூரை மெஷின் மேலேயே ஒழுகியது. அடுத்த மழைக்குள் மாற்றாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை.

"அவர் எதுக்குங்க நமக்குத் தரணும்?"

"வசதியா இருக்கிறவருக்குக் கடமை இருக்குல்ல? நானும் சொந்தந்தானே."

"அவர் சைக்கிள் கடை வச்சிருந்தப்ப இந்தச் சொந்தம் எங்க போச்சு?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"தெரியும். கைமாத்து கேட்டு வர்றார்னு துணி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சீங்க."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் இறங்கி வந்தாள். போவதென்றால் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவளோடு வாழ்ந்த முப்பத்தோரு வருடத்தில் அப்படிப் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அமைச்சர் வீட்டு வராந்தாவில் நாற்பது பேர் இருந்தார்கள். விசாரித்தால் நாற்பது பேரும் சொந்தம். என் முறை வந்ததும் உறவைச் சொல்லி முடிக்கவே இரண்டு முறை மூச்சு வாங்கினேன். "அப்புறம்?" என்றார் அமைச்சர். நாற்பது பேரிடம் கேட்டுத் தேய்ந்துபோன "அப்புறம்" அது. கேட்பதற்கு முன் கொடுத்துவிடுவோம் என்று பொட்டலத்தை நீட்டினேன்.

உள்ளே ஒரு வெள்ளைச் சட்டை. தேர்தல் சுவரொட்டியைப் பார்த்தே அளவு கணித்து, நான் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து அவளே தைத்திருக்கிறாள். சட்டைப் பையில் ஒரு சீட்டு. அமைச்சர் அதை உரக்கப் படித்தார். 'உறவுமுறைக்கு இது. என் வீட்டுக்காரர் உதவி கேட்டு வரவில்லை. அளவு சரியில்லை என்றால் சொல்லி அனுப்பவும்.'

அமைச்சர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் கேக்காம இந்த வாசல் ஏறின முதல் சொந்தக்காரர் நீங்கதாண்ணே."

திறந்த வாயைக் கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டேன்.

வீட்டில், கூரை என்ன ஆயிற்று என்று கேட்டாள். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. மறந்துவிட்டேன் என்றேன். இந்த வயதில் மறதி சகஜம் என்று ஆறுதல் சொன்னாள்.

மறுவாரம் அமைச்சரின் உதவியாளர் துணியும் முன்பணமுமாக வந்து இறங்கினார். இருபத்து நாலு சட்டைக்கான கூலி. கூரையை மாற்றியும் மிஞ்சும். நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினில் கம்பீரமாக உட்கார்ந்தேன். அவர் தயங்கினார்.

"நீங்க இல்லைங்க. அந்தச் சட்டையைத் தைச்சவங்கதான் தைக்கணும்னு சொல்லியிருக்கார்."

"கொஞ்சம் எழுந்திரிங்க" என்றாள் என் மனைவி.

அந்த மழைக்காலம் முழுவதும், சொட்டுக்கூட ஒழுகாத புதுக் கூரையின் கீழ், தரையில் உட்கார்ந்து அவளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன்.