பெல்ட் அண்ணாச்சியின் உப்பாத ரொட்டி

சப்பாத்தி உப்பினால் கோபப்படுகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறார்.

கோபம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற கோபம் இல்லை. ஒரு சாயங்காலம் உறைமோர் வாங்கப் போனேன். அடுப்படியில் அவர் போட்ட சப்பாத்தி பந்து மாதிரி எழும்பி நிற்கிறது. என் வாய் சும்மா இருக்குமா? “ஐய, அண்ணாச்சி! என்னமா உப்பி வருது பாருங்க! எங்க வூட்ல எனக்கே இப்படி வராதுங்க!” என்று கையைத் தட்டிவிட்டேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். முள்கரண்டியை எடுத்தார். ஒரே குத்து. சப்பாத்தி புஸ்ஸென்று உயிரை விட்டது.

“உப்புனா ரிஜெக்ட், தங்கச்சி. அதைத் தூக்கி வெளிய போடு.”

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் தவிர அதை யாரும் பார்த்ததில்லை. நெய்வேலியில் எங்கள் பிளாக் முழுக்க அவர் பெல்ட் அண்ணாச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மைன்ஸிலிருந்து பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறதே ரப்பர் பெல்ட், அது அறுந்தால் ஒட்டுகிற வேலை. பசை தடவி ஒட்டுகிற சமாசாரம் இல்லை. அறுந்த இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, மேலும் கீழும் சூடான இரும்புத் தகடு கொடுத்து, போல்ட்டை முறுக்கி நெருக்கி, ரப்பரை ரப்பரோடு சேர்த்து வேக வைக்க வேண்டும். நடுவில் ஒரு பொட்டுக் காற்று மாட்டிக்கொண்டாலும் அந்த இடத்தில் கொப்புளம் கட்டும். கொப்புளம் கட்டிய இடத்தில் பெல்ட் மறுபடியும் அறுந்துபோகும்.

இப்படி முப்பது வருஷம் காற்றோடு சண்டை போட்டதில் அண்ணாச்சிக்குக் காற்று என்றாலே ஆகாது. ஃபேனைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு பலூன் ஊதச் சொன்னபோது, எழுந்து வெளியே போனவர் கேக் வெட்டி முடித்த பிறகுதான் திரும்பி வந்தார்.

அப்பேர்ப்பட்டவர் அடுப்படிக்கு வந்தது மதினியால். மதினி என்றால் அவருடைய வீட்டம்மா. எங்கள் வரிசைக்கே அவர் மதினிதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு எலும்பு கூடியதே தவிர பிடிமானம் வரவில்லை. கட்டைவிரல் எந்த விரலோடும் சேரமாட்டேன் என்று தனியாக நின்றது. ஒரு டம்ளரைத் தூக்க முடியாது. சோற்றைப் பிசைய முடியாது. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

“இடது கையால சாப்பிடுததுக்குச் சாப்பிடாமலே கெடக்கலாம்” என்று சொல்லி, அந்த ஸ்பூனை மதினி பழைய பாத்திரத்தோடு போட்டுவிட்டார். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். மதினி எப்படிச் சாப்பிடுகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. இளைத்துக்கொண்டே போகிறார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

சென்னையில் இருக்கிற மகள் சுதா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா. உங்களுக்கு வெந்நி வைக்கத் தெரியுமா? நீங்க எப்படிப் பாத்துக்குவீங்க?”

அண்ணாச்சிக்கு இன்னும் ஒன்றரை வருஷ சர்வீஸ் பாக்கி. அம்மா சென்னையில், அப்பா இங்கே கேண்டீன் சாப்பாட்டில் என்று மகள் பிரித்துவைத்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிரிந்து இருந்தது, சுதாவின் பிரசவத்துக்கு மதினி போன பத்து நாள் மட்டும்தான். அந்தப் பத்து நாளில் அண்ணாச்சி வீட்டுச் சாவியை மூன்று முறை தொலைத்தார்.

“ஏட்டி, உங்க அம்மை என்ன கன்வேயரா, கழத்தி வேற எடத்துல மாட்டுததுக்கு? என் செக்ஷன் வேலைய நான் பாத்துக்கிடுதேன். நீ உன் வேலையப் பாரு” என்றார் அண்ணாச்சி.

“சரி. அரைப் பரீட்சை லீவுக்கு வருவேன். ரெண்டு மாசம் இருக்கு. அம்மா ஒரு வேளை வயிறார சாப்பிடுறத என் கண்ணால பாக்கணும். இல்லன்னா பேச்சே கிடையாது, கூட்டிட்டுப் போயிருவேன்.”

மதினி வலது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே அண்ணாச்சி அடுப்படியில் சார்ஜ் எடுத்தார். மதினிக்குச் சர்க்கரை உண்டு; ராத்திரியில் சோறு கிடையாது, ரொட்டிதான். வேறு யாராக இருந்தாலும் முதலில் மாவு பிசையக் கற்றுக்கொள்வார்கள். அண்ணாச்சி முதலில் பண்ருட்டிக்குப் போய் இரண்டு கனத்த தோசைக்கல்லும் நாலு இரும்பு கிளாம்ப்பும் வாங்கிவந்தார். கோதுமை மாவு, தண்ணீர், கொஞ்சம் நல்லெண்ணெய். சோடா, ஈஸ்ட், தயிர் என்று எதுவும் கிட்டே வரக்கூடாது. தேய்த்த மாவை இரண்டு கல்லுக்கும் நடுவில் வைத்து, நாலு பக்கமும் கிளாம்ப் போட்டு, ஸ்பானரால் முறுக்கினார். கீழே சூட்டுக்கு கரண்ட் அடுப்பு. மேலே சூட்டுக்கு இஸ்திரிப் பெட்டி. காலில் சேஃப்டி ஷூ. தலையில் ஹெல்மெட் போட்டாரா என்று கேட்காதீர்கள். போட்டார்.

அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே பிளக்கில் செருகியதில் படாரென்று ஒரு சத்தம். தென்னாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற ஊரில் எங்கள் வரிசைக்கு மட்டும் கரண்ட் இல்லை. வெளியே வந்து நின்ற எங்களையெல்லாம் பார்த்து, தான் தப்பு செய்தவர் என்கிற எண்ணமே இல்லாமல், “ட்ரையல் ரன்னுனா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்று அதட்டினார்.

கரண்ட் வந்து, கிளாம்ப்பைக் கழற்றியபோது வெளியே வந்ததை ரொட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மடக்கினால் மடங்கியது. விட்டால் நிமிர்ந்துகொண்டது. அசல் பெல்ட். அண்ணாச்சி அதை ஸ்பூனால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பெல்ட்டைச் சுத்தியால் தட்டி, எங்கே கொப்புளம் என்று சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காது அது. “உள்ள காத்து இல்ல. பாஸ்” என்றார்.

கூடத்திலிருந்து மதினியின் குரல் வந்தது. “பாஸ்தான். இதுல ஒரு லோடு நிலக்கரி அனுப்பலாம்.”

இரண்டு வாரம் அந்த வீட்டிலிருந்து பெல்ட்டாக வந்தது. வீட்டு வேலைக்கு வருகிற அஞ்சலை, கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரி, பயந்து பேசுகிற பழக்கம் இல்லாதவள், ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “இன்னாங்க அண்ணாச்சி, இத துன்றதா, இல்ல செருப்புக்கு அடியில வச்சி தச்சிக்கினு போறதா?”

“தின்னு பாத்துட்டுப் பேசு.”

“இந்தப் பல்லு எனக்கு இன்னும் நெறய நாளு வேணுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கடைசியில் வழி சொன்னது மதினிதான். “இந்தாருங்க, அந்த கிளாம்ப்பக் கொஞ்சம் லூசா விடுங்க. மாவுல இருக்க தண்ணி ஆவியா எங்கன போவும்? உள்ளயே கெடந்து வெந்தா ரப்பராத்தான் வரும்.”

அண்ணாச்சி இரண்டு நாள் ஸ்பானரைக் கையிலேயே எடுக்கவில்லை. அவருடைய முப்பது வருஷ சர்வீஸில் போல்ட்டை லூசாக விடச் சொன்ன முதல் ஆள் மதினிதான். மூன்றாம் நாள் முள்கரண்டியால் மாவு முழுக்கப் பொடிப் பொடியாகக் குத்தினார். எவர்சில்வர் ஸ்கேலை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டார். கிளாம்ப்பை அரைச் சுற்று தளர்த்தினார். அன்றைக்குத்தான் முதல்முதலாக ரொட்டி வந்தது. அப்பளத்துக்கு அண்ணன் மாதிரி தட்டையாக, மொறுமொறுவென்று, ஒரு கொப்புளம்கூட இல்லாமல்.

அத்தோடு விட்டாரா? அதற்குப் பிறகுதான் கிறுக்கு முற்றியது. அவர் வீட்டு வாசலில் கால் வைத்த யாரும் தப்ப முடியாது. பால்காரர், பேப்பர் போடுகிறவர், கொசு மருந்து அடிக்க வந்தவர், எல்லோர் முன்னாலும் ஒரு ரொட்டியை நீட்டுவார்.

“ஒத்தக் கையால உடைக்கணும். விரலால பிடிக்கக் கூடாது. உள்ளங்கைய மேல வச்சு ஒரு அமுக்கு, அவ்வளவுதான்.”

“ஏங்க, ரொட்டிக்கு ஆசீர்வாதமா பண்ணச் சொல்றீங்க?” என்று கேட்டுக்கொண்டே அஞ்சலை அமுக்குவாள். அது உடைகிற சத்தத்தை அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்பார். “ம்ஹூம். உனக்கு வேலை செஞ்ச கை. இன்னும் லேசா ஒடையணும்” என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போவார். மறுநாள் இன்னும் கொஞ்சம் மெல்லியதாக ஒன்று வரும்.

இந்தக் கதையை நான் ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். கோயில் பிரகாரத்தில் சொன்னேன். பண்ருட்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத பெண்ணிடம்கூடச் சொன்னேன். “மைன்ஸ்ல பெல்ட்ட இழுத்துப் பாத்துகினு இருந்த மனுசன், இப்ப ரொட்டிய அமுக்கிப் பாத்துகினு கெடக்கறாரு.” கேட்டவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் எனக்கே பாவமாகி, நேரிலேயே போய்ச் சொன்னேன்.

“அண்ணாச்சி, ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி நான் போட்டுக் குடுத்துடறங்க. மெத்துனு உப்பி வரும். எதுக்குங்க இந்தப் பாடு?”

“உப்புனது எனக்கு எதுக்கு? உப்புனது உங்க வீட்லயே இருக்கட்டும்” என்றார். என் வீட்டுக்காரரின் உடம்பைத்தான் சொல்கிறாரோ என்று எனக்கு இரண்டு நாள் ரோஷம்.

அரைப் பரீட்சை லீவு வந்தது. சுதாவும் வந்தாள், காலி சூட்கேஸோடு. அன்று சாயங்காலம் நான் குருமா எடுத்துக்கொண்டு போனபோது அவளே சப்பாத்தி போட்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொன்றும் பூரண கும்பம் மாதிரி உப்பியிருந்தது. மதினியைக் கூடத்தில் உட்காரவைத்துத் தட்டில் ஒன்றைப் போட்டாள்.

மதினி கையை அதன்மேல் வைத்தார். சப்பாத்தி நழுவியது. மறுபடி வைத்தார். தட்டோடு சேர்ந்து சுற்றியது. ஒரு விரல் அழுத்தி, இரண்டு விரல் இழுத்தால்தான் சப்பாத்தி பிய்யும். இத்தனை வருஷம் தின்ற எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. சுதா தானே பிய்த்துக் குருமாவில் தோய்த்து ஊட்டினாள். மதினி ஒரு வாய் வாங்கினார். உதட்டை மூடிக்கொண்டார். “போதும்ளா. வயிறு நெறஞ்சிட்டு.”

“பாத்தீங்களாப்பா?” சுதாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. “ரெண்டு மாசமா இப்படித்தான பட்டினி போட்டுருக்கீங்க? நாளைக்குக் காலையில நாங்க கிளம்புறோம்.”

அண்ணாச்சி உள்ளே போனார். ஸ்பானர் சத்தம் கேட்டது. நானும் சுதாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். வெளியே வந்தவர் தலையில் ஹெல்மெட். கழற்ற மறந்துவிட்டார். மதினி முன்னால் தன்னுடைய ரொட்டியை வைத்துவிட்டு, ஏதோ ட்ரையல் ரன்னைப் பார்க்கிற மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார்.

மதினி உள்ளங்கையை ரொட்டியின்மேல் வைத்தார். தோளைச் சாய்த்தார்.

டக்.

கோடு போட்ட இடத்தில், ஒரு வாய் அளவுக்குத் துண்டாக உடைந்தது. தட்டையாக, விறைப்பாக இருந்த அந்தத் துண்டை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டார். கட்டைவிரலை அவர் கூப்பிடவே இல்லை. குருமாவை அள்ளி வாயில் போட்டார். டக். அடுத்தது. டக். கதவு திறந்து கிடக்கிறது, நான் நிற்கிறேன், மகள் நிற்கிறாள். நடுக்கூடத்தில் உட்கார்ந்து, மதினி தன்னுடைய வலது கையால் நாலு ரொட்டி தின்று முடித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பால்காரர் கை, அஞ்சலை கை, என் கை என்று பிளாக்கில் உள்ள கையையெல்லாம் வாங்கி இந்த மனுஷன் அளந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கைக்காகத்தான்.

“சொல்லியிருக்கலாம்லப்பா?” என்று சுதா அழுதாள்.

“என்னத்தச் சொல்ல? ரொட்டி சுட்டேன். உப்பல. பாஸ்” என்றார் அண்ணாச்சி. அப்போதும் அந்தத் திமிர் குறையவில்லை.

மதினி தட்டைத் தள்ளிவைத்தார். “குருமா சுமார்தான்” என்றார் என்னைப் பார்த்து. பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினார். “நாளைக்கு ராத்திரி எள்ளுத் துவையல் அரைச்சிருங்க. காரம் தூக்கலா இருக்கட்டும்.”

“நாளைக்கு ராத்திரியாம்மா?” என்றாள் சுதா.

“ஆமா. பெறவு நாளைக்கு ராத்திரி நான் சாப்பிட வேண்டாமா?”

சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லீவு முடிந்து அவள் சென்னைக்கு பஸ் ஏறியபோது சூட்கேஸில் அம்மாவின் சேலை எதுவும் இல்லை. அவள் பிள்ளைகளுக்கு ஒரு டின் நிறைய ரொட்டி இருந்தது.

அண்ணாச்சி கதையை நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ரேஷன் கடை வரிசையில் உட்கார்ந்தபடி, அதே ஹெல்மெட், அதே இஸ்திரிப் பெட்டி, அதே சிரிப்பு. என்ன, சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் எதிரே வந்துவிட்டால், இப்போதெல்லாம் என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுகிறேன்.