பிட்ச்சை உழுத தீர்த்தகிரி

நான்காவது பந்தும் கோழிப்பண்ணைக்குள் போய் விழுந்தது. உள்ளே அத்தனை கோழிகளும் ஒரே குரலில் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது.

பந்து போட்ட தீர்த்தகிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். வாரம் முழுக்க வாடகைக்கு டிராக்டர் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமையானால் எருமப்பட்டி அணிக்குப் பந்து வீசுவான். முழங்காலில் வலியும் தலையில் நரையும் வந்த பிறகும் விடவில்லை.

"ரசிகப் பெருமக்களே!" என்று மைக்கில் முழங்கினான் கலைமணி. டோர்னமென்ட் முழுக்க வர்ணனை அவன்தான். "ஊருக்கு ஊர் அன்னதானம் நடக்கிறது. நம் எருமப்பட்டியிலோ தீர்த்தகிரி அவர்கள் சிக்ஸர்தானம் நடத்திக்கொண்டிருக்கிறார்!"

ஐந்தாவதும் போனது. ஆறாவதும் போனது. எருமப்பட்டிப் பையன்கள் முன்பே வெளுத்து வைத்திருந்த புண்ணியத்தில் இரண்டு ரன்னில் தப்பித்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கேப்டன் பிரபாகர் தயங்கித் தயங்கி வந்தான். தீர்த்தகிரியைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா நீங்க வெளிய உக்கார வேண்டியதுதானுங்க."

"என்ற மேல என்னடா தப்பு? ஆறே ஓவரு. அவனவன் கையில பேட்டு ஒலக்கையாட்டம் இருக்குது. பவுண்டரி எட்டி ஒதைச்சாப் போயிரும். கால் பக்கம் போட்டா வைடு, தலைக்கு மேல போட்டா நோபாலு. அப்பறம் எங்கதான் போடறது? சோத்தை உருட்டி வாயில ஊட்டி உடோணுமா?"

"பாக்க வர்ற சனம் சிக்ஸரைத்தானுங்கண்ணா பாக்க வருது."

"அப்ப பந்து போட ஒரு மிசினை வெச்சுக்கங்க!"

கோபத்தோடு வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. அந்த ஓவரின் வீடியோ அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"எங்கம்மா போன் பண்ணுனாங்க" என்றாள் மனைவி ஜெயப்பிரியா.

"என்னவாம்?"

"துக்கம் விசாரிச்சாங்க."

மகள் இனியா புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். புத்தகம் குலுங்கியது.

தீர்த்தகிரி சோற்றைத் தொடவில்லை. "சிரிங்க. எல்லாரும் சிரிங்க. பவுலருக்கு ஒரு ஞாயம் கெடைக்காம நான் ஓயமாட்டேன். பாத்துக்கிட்டே இருங்க."

அடுத்த ஞாயிறு, எட்டு அணிகளின் பவுலர்களும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் தீர்த்தகிரி.

டோர்னமென்ட் தலைவர் சண்முகவேல் ஓடி வந்தார். "என்ன சாமி இது? எந்திரி, வெயில் ஏறுது."

"ஏறட்டும்ங்க. வழக்கமா வெயில்ல நின்னு அடி வாங்குவோம். இன்னைக்கு நெழல்ல உக்காந்திருக்கறோம். பந்தைத் தொடமாட்டோம்ங்க."

சண்முகவேல் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. பேட்ஸ்மேன்களையே பந்து போடச் சொன்னார். போட்டார்கள். முதல் ஓவர் முடிகிற வழியைக் காணோம். வைடு காட்டிக் காட்டி அம்பயருக்குக் கை சோர்ந்தது.

"பாத்தீங்களா!" என்று எழுந்து நின்றான் தீர்த்தகிரி. "பவுலர் இல்லாம கிரிக்கெட்டே இல்லீங்க!"

பவுலர்கள் விசிலடித்தார்கள். சண்முகவேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "சரி, என்ன வேணும்னு சொல்லித் தொலை."

"பவுண்டரியைத் தள்ளிப் போடோணும்."

சுண்ணாம்புக் கோடு அழிக்கப்பட்டு, கோழிப்பண்ணைக் கம்பிவேலிவரை பின்னால் போனது. தீர்த்தகிரி மீசையை நீவிக்கொண்டு முதல் பந்தைப் போட்டான். அது சிக்ஸர் போகவில்லைதான். வேலியை நோக்கி உருண்டுகொண்டே போனது. அதைத் துரத்திக்கொண்டு போன பையன் எடுத்து எறிவதற்குள் பேட்ஸ்மேன்கள் இருவரும் ஐந்து ரன் ஓடிவிட்டார்கள். அடுத்த பந்துக்கும் ஐந்து. அதற்கடுத்த பந்தைத் துரத்தத் தீர்த்தகிரியே ஓடவேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது நொண்டிக்கொண்டு வந்தான்.

"பழைய கோடாக இருந்திருந்தால் நாலோடு போயிருக்கும்!" என்றான் கலைமணி மைக்கில். "உழைப்புக்கேற்ற பலன் வேண்டுமென்று போராடினார். உழைப்பு மட்டும் கிடைத்திருக்கிறது!"

"பவுண்டரி சின்ன விசயம்ங்க. கோளாறு பிட்ச்சுல இருக்குது" என்றான் தீர்த்தகிரி, அசராமல்.

அடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில், பந்து திரும்பட்டும் என்று டிராக்டரில் தண்ணீர் டேங்கரை மாட்டி வந்து பிட்ச் முழுக்க ஊற்றினான். நாமக்கல் வெயில் சும்மா இருக்குமா? பகல் முழுக்கக் காய்ந்து, மறுநாள் பிட்ச் பைபாஸ் ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. டென்னிஸ் பந்து குத்தி, அழகாக எழும்பி, பேட்டுக்கு நேராகப் போய் நின்றது. பண்ணைக் கூரை மேல் பந்து மழை.

பிரபாகர் கிட்டே வந்தான். "அண்ணா, இனி நீங்க எதையும் சரி பண்ணாம இருந்தாலே போதும்ங்க. செமிஃபைனலுக்கு உங்களை வெக்கறதான்னு பசங்க ரோசனை பண்றாங்க."

தீர்த்தகிரி பதில் சொல்ல வாயெடுத்தபோது, ஒரு பிளாஸ்டிக் கூடையோடு கந்தம்மாள் மைதானத்துக்குள் நுழைந்தாள். கோழிப்பண்ணைக்காரி. கூடையைக் கவிழ்த்தாள். இருபது முப்பது பந்துகள் உருண்டோடின.

"ஏனுங்க சண்முகவேலு, கோழியெல்லாம் மெரண்டு போயி முட்டையை நிறுத்திப் போடுச்சு. இந்தக் கெரவுண்டும் என்ற நெலந்தான், நெனப்பு இருக்குதுங்களா? இன்னொரு பந்து பண்ணை மேல உழுந்துச்சு, நாளைக்கே சோளம் வெதச்சுப் போடுவேன்."

சண்முகவேல் கை கூப்பினார். "அம்மணி, அடிக்காதீங்கடான்னா பசங்க கேப்பானுங்களா?"

"அடிக்க முடியாத மாதிரி பண்ணிப் போடலாம்ங்க" என்றான் தீர்த்தகிரி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, எனக்கு உத்தரவு மட்டும் குடுங்க. ரொட்டவேட்டரை மாட்டி பிட்ச்சை ஒரு உழவு ஓட்டிப் போடறேன். அப்பறம் எவன் அடிக்கறான்னு பாக்கலாம்."

"ஐயய்யோ!" என்றான் பிரபாகர். "உழுத காட்டுல எப்பிடிங்கண்ணா வெளையாடறது?"

"நாங்க இத்தன நாளா ரோட்டுல போட்டமல்ல? நீங்க காட்டுல ஆடுங்க!"

கந்தம்மாள் ஒரு கணம் பண்ணையைப் பார்த்தாள். ஒரு கணம் தீர்த்தகிரியைப் பார்த்தாள். "உழுடா சாமி" என்றாள்.

நிலத்துக்காரி சொல்லுக்கு மறுபேச்சு ஏது? பேட்ஸ்மேன்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க, தீர்த்தகிரி டிராக்டர் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து பிட்ச்சின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உழுதான். ஆசை தீராமல் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு சால் ஓட்டினான்.

செமிஃபைனலில் மோகனூர் அணி முதலில் ஆடியது. தீர்த்தகிரியின் முதல் பந்து கட்டியில் பட்டு, பாம்பு மாதிரி தரையோடு ஊர்ந்து குச்சியைச் சாய்த்தது. இரண்டாவது அதே இடத்தில் குத்தி பேட்ஸ்மேன் காதோரம் பறந்தது. அவன் பயந்து உட்கார்ந்ததில் குச்சி மேலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது எங்கே போகும் என்று தீர்த்தகிரிக்கே தெரியவில்லை. ஆனால் விக்கெட் விழுந்தது.

"காட்டுலயும் ஆடுவேன்னு சொன்னவன் எவன்டா? வாங்கடா!" என்று மார்பில் தட்டிக்கொண்டான். அப்படி யாரும் சொல்லவில்லை.

மறுமுனையில் போட ஆள் போதாமல், விக்கெட் கீப்பர் குணசீலன் கையுறையைக் கழற்றிவிட்டுப் போட்டான். அவனுக்கும் நாலு விக்கெட். அதைத் தீர்த்தகிரி கவனிக்கவில்லை; கோட்டோரம் நின்று ரசிகர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

மோகனூர் ஒன்பது ரன்னுக்கு ஆல் அவுட். அந்தப் பத்து ரன்னை எடுக்க எருமப்பட்டிக்கு உயிர் போய் உயிர் வந்தது. எட்டு விக்கெட் விழுந்த பிறகு, முதுகில் பட்டு ஓடிய ஒரு பந்தில் ஜெயித்தார்கள்.

கந்தம்மாள் ஒரு அட்டை முட்டையைக் கொண்டுவந்து தீர்த்தகிரியின் கையில் வைத்தாள். "நல்லா இரு சாமி. கோழி நிம்மதியா இருக்குது." வீட்டில் ஜெயப்பிரியா அந்த முட்டையிலேயே ஆம்லெட் போட்டுத் தட்டில் வைத்தாள். துக்கம் விசாரித்த மாமியார் இப்போது போனில் வாழ்த்துச் சொன்னாள். இனியா அப்பாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள்.

"ஒருத்தன் நிமிந்து நின்னா ஒலகமே மாறும்டா கண்ணு" என்றான் தீர்த்தகிரி. "பேட்டு புடிச்சவனெல்லாம் ராசா, பந்து போடறவன் கூலியா? எழுதி வெச்சிருக்குதா என்ன?"

ஃபைனல் அன்று புது ஷூ போட்டுக்கொண்டு, மனைவி மகளோடு டிராக்டரிலேயே வந்து இறங்கினான். கூட்டம் வழிவிட்டது. மற்ற ஊர்ப் பவுலர்கள் ஓடி வந்து சால்வை போர்த்தினார்கள். ஜெயப்பிரியா முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளிடம், "எங்க ஊட்டுக்காரருதான் பர்ஸ்ட் ஓவருங்க" என்றாள்.

தீர்த்தகிரி தோளைச் சுழற்றிக்கொண்டே பிரபாகரைத் தேடினான். பிரபாகர் கண்ணில் படாமல் ஸ்கோர் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"என்றா, டாஸ் போட்டாச்சா? எந்தப் பக்கமிருந்து போடட்டும்?"

பிரபாகர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பீக்கர் பக்கம் கையைக் காட்டினான்.

மைக் கரகரத்தது. கலைமணி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ரசிகப் பெருமக்களே! எருமப்பட்டி அணியில் இன்று ஒரே ஒரு மாற்றம்: இந்தப் பிட்ச்சில் யார் போட்டாலும் விக்கெட் விழுகிறது என்பதால், பவுலர் தீர்த்தகிரி அவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு பேட்ஸ்மேனைச் சேர்த்திருக்கிறார்கள்!"