பால் தீர்ந்த பிறகு வந்தவர்கள்

உயிர்காக்கும் மருந்தின் இருப்பு எந்நாளும் பூஜ்யத்தைத் தொடக் கூடாது என்பது விதி. எங்கள் மருந்துக் கிடங்கில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். அதை நம்பிய ஒரே மனிதர் மருந்தாளுநர் சராசரி. அவரைப்போலச் சராசரியை வெறுத்தவர் திருத்தணி மலைமேலும் கிடையாது, அடிவாரத்திலும் கிடையாது. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

நான் கண்காணிப்பாளர். கடந்த மூன்று மாதம் வழங்கியதன் சராசரிதான் அடுத்த மாத ஒதுக்கீடு. அவருக்கு இது பொறுக்காது.

"தீர்ந்துபோன மாசம் எப்படி சார் வழங்க முடியும்? வழங்கலன்னா தேவையே இல்லன்னு எழுதிக்கிறீங்க. அடுத்த வாட்டி இன்னும் கொறையுது."

நிரூபிக்க, பஸ் நிலைய டீக்கடையில் ஆரம்பித்தார்.

"நைனா, பால் தீர்ந்த அப்புறம் எத்தினி பேர் வந்துட்டுப் போனாங்க?"

"போனவன எவன் சார் எண்ணிகினு இருப்பான்?"

"நான் எண்ணினேன். நாப்பத்தொண்ணு."

"அப்ப கடையையும் நீங்களே வெச்சிக்கங்க."

ஆடிக் கிருத்திகையில் பஞ்சாமிர்தம் கிடைக்காமல் திரும்பியவர்களை விரல் நீட்டி எண்ணினார். அருள் வந்திருக்கிறதென்று இரண்டு பேர் அவர் காலில் விழுந்தார்கள்.

எல்லாவற்றையும் புள்ளி வைத்துக் கோடாக்கி என் மேசையில் விரித்தார். சரக்கு தீர்ந்த நாட்கள் கூடக் கூட, ஏட்டில் தேவை இறங்கிக்கொண்டே போனது. டீக்குப் பொருந்திய கோடு பாம்புக்கடி மருந்துக்கும் அப்படியே பொருந்தியது. கரும்பு வெட்டுக்கு முன் முறையை மாற்றாவிட்டால் ஆள் சாகும் என்று என் வழியாகத் தலைமையகத்துக்கு எழுதினார். தாளில் ஓரம் விடவில்லை என்று திருப்பினேன். இணைப்புக்கு எண் இல்லை என்று மறுபடி திருப்பினேன். மூன்றாவதை அனுப்பினேன். பதில் இல்லை.

வெட்டு தொடங்கியது. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டிய ஒரு பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்தது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் மருந்து போன வாரமே தீர்ந்திருந்தது. அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். அவள் புருஷன் கிடங்குக்கு வந்தான். சண்டை போடவில்லை.

"இங்கயாவது இருந்துச்சா சார்?"

இல்லை என்றேன்.

அந்த மாத அறிக்கையில், வழங்கல்: பூஜ்யம். கையெழுத்து என்னுடையது. சராசரி தன் நோட்டில் 'ஒன்று' என்று எழுதினார்.

"ஆங், கோடு சரியாத்தான் போவுது" என்றார், என்னைப் பார்க்காமல்.

மழைக்காலத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

அதன் பிறகு தலைமையகத்திலிருந்து அவர் பெயருக்கு ஒரு கடிதம். 'கேட்டும் கிடைக்காதவர்' என்று படிவத்தில் இனி ஒரு கட்டம் சேர்க்கப்படுகிறது. ஒதுக்கீட்டில் அவர்களும் கணக்கிடப்படுவர். இறந்தவர் பெயருக்கு வந்ததைத் திருப்பி அனுப்புவதே முறை. நான் அனுப்பவில்லை. அவர் வீட்டுக்கு எடுத்துப்போய், மாலை போட்ட படத்தின் முன் நின்று, முழுக்க உரக்கப் படித்தேன். அன்று அவருடைய பதினாறாம் நாள்.