ஊசி என்ற சொல்லை ஒழித்த வரலாறு

தென்மராட்சியிலிருந்து ஊசி என்ற கொடிய சொல்லை ஒழித்த பெருமை அடியேனையே சாரும். சாவகச்சேரியில் அழகு நிலையம் நடத்தும் உதயகலா, இளைப்பாறிய தமிழாசிரியனாகிய என்னைத் தன் ‘பெயர்சூட்டல் ஆலோசகர்’ ஆக நியமித்தாள். குளிரூட்டிய அறையில், பால் தேத்தண்ணியுடன் கூட்டம் கூடியது.

“மாஸ்ரர், முகச் சுருக்கத்துக்குள்ளை ஒரு சாமான் ஏத்துறம். ஊசி எண்டால் சனம் பயப்பிடுது.”

“‘பனித்துளி’ எண்டு வையுங்கோ பிள்ளை.”

“ஏத்தின இடம் நீலமாய்க் கண்டிப்போனால்?”

“‘அந்தி வண்ணம்.’”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏற்றுகிறவர் வைத்தியம் படித்தவரா என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை. தமிழ்த்தொண்டுக்கு நடுவே அற்ப விசாரணைகள் எதற்கு?

என் மனைவியின் தங்கை கேதீஸ்வரிக்குப் புருவ நடுவில் ஒரு கோடு. மகள் பெரியபிள்ளையானதற்கு எடுக்கும் சாமத்திய வீட்டு வீடியோவுக்கு முன் அதை அழித்துவிட நினைத்தாள். ஆனால் ஊசிக்குப் பயந்தவள்.

“அத்தான், உது ஊசியோ?”

“சீச்சீ, பனித்துளி. பேர் வைச்சதே நான்.”

நம்பிப் போனாள். வீடு வந்து சேருமுன் இடது கண் மங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

“என்ன மருந்து ஏத்தினது?” என்று டொக்டர் கேட்டார்.

“பனித்துளி,” என்றேன். அதன் ஓசை நயத்தையும் சுருக்கமாக விளக்கினேன்.

“ஐயா, சிலதைக் கரைக்க மருந்து இருக்கு, சிலதுக்கு இல்லை. எதெண்டு தெரியவேணும். கண் போகுது.”

உதயகலாவுக்குப் போன் எடுத்தேன்.

“பெட்டியிலை இருந்த லேபிளை உரிச்சுப்போட்டுத்தானே மாஸ்ரர் உங்கடை பேரை ஒட்டினனாங்கள். உள்ளுக்கை என்னெண்டு எங்களுக்கும் தெரியாது.”

சாமத்திய வீடு குறித்த நாளில் சிறப்பாக நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் பன்னீர் தெளித்த கேதீஸ்வரியிடம், கண்ணுக்கு என்ன என்று வந்தவர்கள் விசாரித்தார்கள். இப்படியான நெருக்கடியில் தமிழைக் கைவிடுகிறவன் நானல்ல. முன்னே வந்து, “கண்ணுக்குக் கொஞ்சம் ‘ஒளி ஓய்வு’,” என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஒரு கண் குருடு,” என்றாள். “வாற எல்லாருக்கும் நீங்களே அப்பிடிச் சொல்லுங்கோ, அத்தான்.”